களிமண் சேர்ந்த நைலான்

பிளாஸ்டிக் என்னும் வஸ்துவைப் பற்றி நமது நாட்டில் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் கடற்கரையில் ஒதுங்கும் பைகளைப் பற்றியும் சாக்கடையை அடைக்கும் குப்பையைப் பற்றியுமே இருக்கிறது. அப்பேச்சு நியாயமானதே. ஆயினும், அதே வஸ்து மோட்டார் வண்டியின் இயந்திரத்தருகேயும், ஆஸ்பத்திரியிலும், நாம் குடிக்கும் தண்ணீர்ப் புட்டியிலும் புகுந்து, இரும்பையும் கண்ணாடியையும் அவற்றின் ஸ்தானத்திலிருந்து விலக்கிவிட்டது எவ்வாறு என்று விசாரிப்பவர் நம்மில் மிகச் சிலர். அதற்குக் காரணமான வித்தைகளில் ஒன்று, பிளாஸ்டிக்கோடு வேறொரு பொருளின் தூளைக் கலப்பது. அத்தூள் சென்ற நாற்பது வருஷங்களில் கண்ணுக்கும் சாதாரண பூதக்கண்ணாடிக்கும் எட்டாத அளவுக்குச் சிறுத்து, ‘நானோ’ என்ற பெயருடன் உலகமெங்கும் உலாவி வருகிறது. இவ்விஷயத்தில் மெய் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்பதை நமது நேயர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதி இதை எழுதுகிறோம்.

கலப்படம் என்றவுடன் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பாலில் நீர் கலப்பது போன்றதன்று இது. 1907-ஆம் வருஷத்தில் லியோ பேக்லண்ட் என்ற ரஸாயன சாஸ்திரி அமெரிக்காவில் பேக்லைட் என்னும் செயற்கைப் பிசினைக் கண்டுபிடித்தபோது, அப்பிசின் தனித்து நிற்குமாயின் எளிதில் நொறுங்கக்கூடியதாயிருந்தது. மரத்தூளைக் கலந்த பின்னரே அது மின்சார ஸ்விச்சாகவும் டெலிபோன் கூடாகவும் உருவெடுத்து உழைத்தது. சில இடங்களில் மரத்தூளுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் நாரையும் நிரப்பினார்கள். அதன் பலனைப் பின்னால் சொல்லுவோம். அதன் பிறகு சுண்ணாம்புத் தூள், மாக்கல் தூள், கண்ணாடி நார் என்று பல பொருள்கள் வந்தன. விலையைக் குறைப்பது ஒரு நோக்கம். வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கை விறைப்பாக்குவது மற்றொன்று. ஆனால் இப்பெருந்தூள்களால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்க வேண்டுமானால் நூற்றுக்கு 20, 30 பங்கு வரையில் கொட்ட வேண்டியிருக்கிறது. சாமான் கனக்கிறது, அடி பட்டால் விரிசல் விடுகிறது, மேற்பரப்பின் வழவழப்பும் போய்விடுகிறது.

நுண்தூளின் மகிமையை முதலில் வெளிப்படுத்தியது பிளாஸ்டிக் அன்று, அதன் உறவினனாகிய ரப்பர். மோட்டார் டயர் ஆதியில் கறுப்பாயிருக்கவில்லை என்பதைக் கேட்டு நேயர்கள் சிலர் வியக்கலாம். துத்தநாக பஸ்பம் சேர்ந்த அக்காலத்து டயர்கள் வெளுப்பாகவே இருந்தன. 1904-ஆம் வருஷத்தில் லண்டனை அடுத்த ஸில்வர்டௌன் தொழிற்சாலையில் எஸ். சி. மோட் என்பவர், புகைக்கரியை ரப்பருடன் கலந்தால் அது அபாரமான வலிமை பெறுவதைக் கண்டார். இன்று ஓடும் டயரின் மேற்பட்டையில் ரப்பர் 100 பங்குக்குக் கரி சுமார் 50 பங்கு வரையில் சேர்கிறது. அக்கரியின் ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் இருபது முப்பது பங்குதான். மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கையே நானோமீட்டர் என்கிறார்கள். ஆகவே, ‘நானோ’ என்ற பெயர் வழங்குவதற்கு எழுபது எண்பது வருஷங்களுக்கு முன்பே அவ்வித்தை தெருவில் உருண்டுகொண்டிருந்தது. புதுப் பெயரைக் கண்டு பிரமிப்பவர்களுக்கு இதை ஞாபகப்படுத்துகிறோம்.

தூள் சிறுத்தால் பலன் ஏன் பெருகவேண்டும்? இதற்கு ரஸாயனம் அதிகம் தெரிய வேண்டியதில்லை, கணக்குப் போதும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், அதாவது தபால் தலை அளவு. அதே கல்லை ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டிக் குவித்தால், எல்லா முகங்களின் பரப்பும் சேர்ந்து 6,000 சதுர மீட்டராகிறது. ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் நிலம்! கல்லின் எடை ஒரு குன்றிமணியளவும் கூடவில்லை. பிளாஸ்டிக்கும் தூளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது மேற்பரப்பில்தான். பற்றும் இடம் இவ்வாறு பெருகும்போது, பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி அணுக்கூட்டங்களில் பெரும்பகுதி ஏதேனும் ஒரு தூளின் அருகில் வந்து விடுகிறது. தன்னிஷ்டப்படி நெளியவும் நழுவவும் அதற்கு முடிவதில்லை.

இந்தத் தத்துவத்தைப் பிளாஸ்டிக்கில் நடத்திக் காட்டியவர்கள் ஜப்பானியர். அவர்கள் கையாண்ட பொருள் பொன்னுமன்று, வைரத்தூளுமன்று, களிமண். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் பூமியை அறிந்தவர்களுக்கு அக்களிமண்ணின் சுபாவம் நன்கு தெரியும். மழை பெய்தால் பொங்கி உப்பும். கோடையில் கால் புதையும்படி வெடித்துப் பிளக்கும். அதன்மேல் கட்டிய சுவரையும் பிளந்துவிடும். இக்குணத்துக்குக் காரணமான தாதுக்களுள் முக்கியமானது மாண்ட்மோரிலனைட் என்பது. பிரான்ஸ் தேசத்து மாண்ட்மோரியோன் என்னும் ஊரின் பெயரால் அது வழங்குகிறது. அதை எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பனையோலைச் சுவடியைப் போல் ஏடு ஏடாக அடுக்கியிருக்கிறது. ஓர் ஏட்டின் கனம் ஒரு நானோமீட்டர். அகலமோ அதைப்போல் நூறு மடங்கு. ஏடுகளுக்கு நடுவே ஸோடியம் அணுக்கள் தங்கியிருக்கின்றன. தண்ணீர் அங்கே புகுந்து ஏடுகளை விலக்குவதே கரிசலின் பொங்குதல். ஒரு கிராம் மாண்ட்மோரிலனைட்டின் ஏடுகளை முற்றிலும் பிரித்துப் பரப்பினால் சுமார் 750 சதுர மீட்டர், அதாவது பதினெட்டு சென்ட் நிலத்தை மூடும்.

தண்ணீர் புகும் இடத்தில் பிளாஸ்டிக்கைப் புகுத்த முடியுமா என்பதே பிரச்னை. தண்ணீரோடு உறவாடும் களிமண் எண்ணெய்த் தன்மையுள்ள பொருளை அருகில் சேர்ப்பதில்லை. நகோயா நகரை அடுத்த நகாகுதேயிலுள்ள டொயோடா மத்திய ஆராய்ச்சி சாலையில் உஸுகி, கோஜிமா, கவஸுமி, ஒகாடா, குராவுச்சி, கமிகைடோ முதலிய சாஸ்திரிகள் 1980-களின் மத்தியில் இதற்கோர் உபாயம் கண்டார்கள். தங்கள் நாட்டு யமகதா பிரதேசத்தில் கிடைத்த களிமண்ணை எடுத்தார்கள். ஏடுகளுக்கிடையிலிருந்த ஸோடியத்தை வெளியேற்றி, அவ்விடத்தில் இரட்டைக் குணமுள்ள ஓர் அமினோ அமிலத்தைக் குடியேற்றினார்கள். அதன் ஒரு முனை களிமண்ணின் மின்சக்தியைப் பற்றிக்கொள்ளும். மறு முனை நைலானுக்கு மூலமான காப்ரோலாக்டம் என்னும் பொருளோடு உறவாடும். இரு தரப்பாருக்கும் நம்பிக்கையுள்ள மத்தியஸ்தர் ஒருவரை நியமித்தது போலாயிற்று. பிறகு காப்ரோலாக்டத்தை ஏடுகளின் நடுவே ஊறவிட்டு, அங்கேயே சூடேற்றி நைலானாக வளரச்செய்தார்கள். நைலான் வளர வளர ஏடுகள் ஒன்றைவிட்டு ஒன்று அகன்று, கடைசியில் சுவடியே கலைந்து, தனித்தனி ஓலைகளாக நைலானுக்குள் சிதறி நின்றன. நைலான் சங்கிலிகளின் முனைகள் களிமண் ஏடுகளிலேயே வேரூன்றி நின்றபடியால், பிடிப்பு மிக உறுதியாயிற்று.

பலனைப் பார்ப்போம். கலந்த களிமண் நூற்றுக்கு 5 பங்கு கூட இல்லை, 4.2 பங்கு. இழுவிசையைத் தாங்கும் வலிமை 69 மெகாபாஸ்கலிலிருந்து 107-க்கு உயர்ந்தது. விறைப்பு 1.1 கிகாபாஸ்கலிலிருந்து 2.1-க்கு, அதாவது ஏறக்குறைய இரட்டிப்பாக, ஏறிற்று. எல்லாவற்றிலும் ஆச்சரியமானது உஷ்ண விஷயம். பாரம் ஏற்றி வைத்த நைலான் 65 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் வளையத் தொடங்கும். களிமண் சேர்ந்ததோ 145 டிகிரி வரை நிமிர்ந்து நின்றது. கொதிக்கும் நீரின் சூட்டுக்கு இப்புறத்தில் இருந்த ஒரு பொருள் அப்புறத்துக்குத் தாண்டிவிட்டது. அடியைத் தாங்கும் குணம் குறையவுமில்லை. ஆனால் இழுத்தால் நீளும் குணம் வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1989-90 வாக்கில் டொயோடா மோட்டார் இயந்திரத்தின் டைமிங் பெல்ட் மூடி இந்நைலானால் செய்யப்பட்டு வெளிவந்தது. ஊபே என்ற ரஸாயனக் கம்பெனி நைலானைத் தயாரித்துக் கொடுத்தது. ஆராய்ச்சிசாலை, மூலப்பொருள் தயாரிப்பவர், வண்டி செய்பவர் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சில வருஷங்களுக்குள் காரியத்தை முடித்ததை நமது தேசத்து முதலாளிகளும் சர்வகலாசாலைகளும் கவனிக்கவேண்டுமென்று விரும்புகிறோம்.

இவ்வெற்றியின் செய்தி பரவியவுடன் உலகமெங்கும் ஒரு பெரும் பரபரப்பு உண்டாயிற்று. 1993-ல் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் வையா, கியானெலிஸ் முதலியோர், முன்பே தயாரான பிளாஸ்டிக்கை உருக்கி அதிலேயே பதப்படுத்திய களிமண்ணைப் புகுத்தலாமென்று காட்டினார்கள். இதனால் எந்தச் சாதாரண தொழிற்சாலையும் தன் யந்திரத்திலேயே இதைச் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 2002-ஆம் வருஷத்து மாடல் ஸஃபாரி, ஆஸ்ட்ரோ வண்டிகளின் கால்படியை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி களிமண் சேர்ந்த பிளாஸ்டிக்கில் செய்தது. ‘இரும்பின் காலம் முடிந்தது’ என்ற தோரணையில் பலர் ஆரூடம் சொல்லலானார்கள்.

ஆரூடம் பலிக்கவில்லை. நைலான் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ளது. நாற்காலி, வாளி, வண்டியின் பம்பர் முதலியவற்றுக்கு உபயோகமாகும் பாலிபுரோபிலினோ எண்ணெய் போன்றது. இருவரையும் இணைக்க மலேயிக் அன்ஹைட்ரைட் ஒட்டிய வேறொரு பிளாஸ்டிக்கைத் தரகராகச் சேர்க்க வேண்டியிருந்தது. டொயோடா சாஸ்திரிகளே 1997-ல் இம்முறையை வெளியிட்டார்கள். தரகு கொடுத்தும் ஏடுகள் முற்றும் பிரிவது அரிதாயிருந்தது. மேலும், களிமண்ணைப் பதப்படுத்தும் அமோனியம் சேர்க்கை 200 டிகிரியை நெருங்கும்போதே சிதையத் தொடங்கிவிடுகிறது. பிளாஸ்டிக்கை உருக்கும் சூடும் ஏறக்குறைய அதுவே.

கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுக் களி கிண்ட முயன்றவருக்கு நடப்பது இன்னதென்று எந்த வீட்டிலும் சொல்லுவார்கள். நுண்தூளுக்கும் அதே கதிதான். தூள் சிறுக்கச் சிறுக்க ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் ஆசை அதற்கு அதிகமாகிறது. கட்டி தட்டிய நானோ தூள் சாதாரண தூளைவிட எவ்விதத்திலும் மேலானதன்று. விரிசல் தொடங்குவதற்கு இடங்கொடுப்பதால் அதைவிட மோசமென்றும் சொல்லலாம். ஆகையால் ‘இத்தனை சதவீதம் நானோ சேர்த்திருக்கிறோம்’ என்று ஒருவர் சொன்னால் அதனால் ஒன்றும் தெரியவில்லை. அது எவ்வளவு பிரிந்து பரவியிருக்கிறது என்பதே கேள்வி. டெக்ஸஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபோர்ன்ஸ், பால் என்னும் இருவர் 2003-ல் நைலான்-களிமண் விஷயத்தை நுட்பமாக ஆராய்ந்து, அதன் விறைப்பை விளக்கப் பழைய கலவைக் கணிதமே போதுமென்று காட்டினார்கள். ஏடு மெல்லியது, அகலமானது, விறைப்பானது, அவ்வளவே. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கண்ணாடி நார் நூற்றுக்கு 30 பங்கு சேர்ந்த நைலான் இன்றும் இதனினும் வலிமையுள்ளது. களிமண் நைலானின் சிறப்பு, வெகு சொற்பமான கலவையால், எடை ஏறாமல், அப்பலனில் ஒரு பகுதியைத் தருவதில்தான் இருக்கிறது. கடைத்தெருவில் வாட்டர் டாங்கி முதல் பெயிண்ட் வரையில் ‘நானோ’ என்ற முத்திரையோடு விற்கும் சாமான்களைப் பார்க்கையில், நியாயஸ்தலத்து விதி ஒன்று நமது நினைவுக்கு வருகிறது: ஒரு விஷயத்தை உண்டென்று சொல்பவனே அதை நிரூபிக்கக் கடமைப்பட்டவன். வாங்குகிறவர் அதைக் கேட்பதில் தவறில்லை.

வலிமை ஒன்றே பலனன்று. நைலானுக்குள் சிதறிய ஏடுகள் வாயுவின் வழியை மறிக்கின்றன. நேரே போக முடியாமல் சந்து பொந்துகளில் வளைந்து வளைந்து செல்லவேண்டியிருப்பதால், பிராணவாயு உள்ளே புகுவது தாமதப்படுகிறது. உணவைப் பொதியும் மெல்லிய தாள்களுக்கு இது உதவுகிறது. தீ விஷயத்தில், அமெரிக்க நிலைமானக் கழகத்து கில்மன் முதலியோர் 1990-களில் செய்த சோதனைகளில், களிமண் நைலான் எரியும்போது வெளியாகும் உஷ்ணத்தின் உச்ச வேகம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஏடுகள் கரியோடு சேர்ந்து மேலே ஒரு பொருக்குக் கட்டி, உள்ளிருப்பதைக் காக்கின்றன. ஆயினும் அது தீப்பற்றாமல் இருப்பதுமில்லை, முடிவில் முழுவதும் எரியாமல் விடுவதுமில்லை. இதைக் கொண்டு ‘தீப்பிடிக்காத பிளாஸ்டிக்’ என்று விற்பவர் பொய் சொல்லுகிறார். மின்சார விஷயத்தில் கரிக்குழல்கள் முன்னிற்கின்றன. 1991-ல் ஜப்பானிய சாஸ்திரி ஸுமியோ இஜிமா விவரித்துப் பிரஸித்தப்படுத்திய இக்குழல்கள், நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்ந்தாலும், ஒன்றையொன்று தொட்டு வலைபோல் நின்று, மின்சாரம் செல்லாத பிளாஸ்டிக்கில் அதைச் செல்ல விடுகின்றன. சாதாரணக் கரியால் அது நடக்கவேண்டுமானால் நூற்றுக்கு 15 பங்கு போலத் தேவை. பெட்ரோல் ஓடும் குழாயில் மின்பொறி எழாமல் தடுக்க இது பயன்பட்டு வருகிறது.

கரிக்குழலின் பேச்சு வந்ததால், பேக்லைட்டில் நிரப்பிய ஆஸ்பெஸ்டாஸின் பலனைச் சொல்லவேண்டிய இடமும் வந்துவிட்டது. அந்நாரைச் சுமந்தும் சீவியும் பிழைத்த தொழிலாளரின் நெஞ்சில் அது பல வருஷங்கள் தங்கிப் புற்றுநோயாக வெடித்தது. உபயோகம் முதலில் பரவிற்று. அபாயம் பின்னால் தெரிந்தது. தெரிந்த பின்னும் தடை வருவதற்குப் பல தசாப்தங்கள் சென்றன. நீண்டு விறைத்த கரிக்குழல்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நாருக்கும் உருவத்தில் ஒற்றுமையுண்டு. எடின்பரோவைச் சேர்ந்த கென் டொனால்ட்ஸன் முதலியோர் அத்தகைய குழல்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்தி, ஆஸ்பெஸ்டாஸ் உண்டாக்குவதைப் போன்ற அழற்சி உண்டாவதை 2008-ல் அறிவித்தார்கள். 2014-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் அவற்றுள் ஒரு வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடுமென்ற வகுப்பில் சேர்த்தது. மற்ற வகைகளைப் பற்றித் தீர்ப்பளிக்கப் போதிய ஸாக்ஷியமில்லை என்றது.

அமெரிக்கத் தொழிலாளர் சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட சிபார்சு எண்களில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. டைட்டானியம் டையாக்ஸைட் என்ற வெள்ளைப் பொடி சாதாரண அளவாயின், தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் கன மீட்டருக்கு 2.4 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதே பொடி நானோ அளவாயின் 0.3 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று 2011-ல் சொல்லிற்று. பொருள் ஒன்றே; சிறுத்ததால் அபாயம் எட்டு மடங்கு. டயருக்குச் செல்லும் புகைக்கரிக்கு அனுமதி 3.5 மில்லிகிராம். கரிக்குழலுக்கோ 2013-ல் விதித்த எல்லை ஒரு மைக்ரோகிராம், அதாவது அதில் 3,500-ல் ஒரு பங்கு! இரண்டும் வெறும் கரியே. ஒரு பொருளை அதன் பெயரைக் கொண்டு மட்டும் அளந்து சட்டம் செய்வது போதாதென்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டியதில்லை. உணவைத் தொடும் பிளாஸ்டிக்கில் நானோ உருவத்திலுள்ள பொருளைச் சேர்க்கவேண்டுமானால் அந்த உருவத்துக்கென்றே தனி அனுமதி பெறவேண்டுமென்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் வருஷத்து விதி. உதாரணமாக, தண்ணீர்ப் புட்டி செய்யும் பிளாஸ்டிக்கில் டைட்டானியம் நைட்ரைடு நுண்தூள் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான் சேர்க்கலாம்.

நமது தேசத்தில் இதற்கு வேண்டிய மண்ணுக்குக் குறைவில்லை. கச்சிலும், ராஜஸ்தானத்துப் பார்மேரிலும் பெண்டோனைட் என்னும் மாண்ட்மோரிலனைட் களிமண் மலிந்திருக்கிறது. கச்சிலிருந்து அது கப்பல் கப்பலாக வெளிதேசங்களுக்குப் போகிறது. மண்ணாகப் போவதற்கும், பதம் செய்த நுண்தூளாகத் திரும்பி வருவதற்கும் உள்ள விலை வித்தியாசம் வித்தைக்குக் கொடுக்கும் கூலி. பருத்தியையும் தோலையும் பற்றி நம் முன்னோர் எழுதிய பழைய கணக்கே இங்கும் வேறு பேரேட்டில் ஏறுகிறது. வித்தை கற்பிக்க இடமில்லாமலுமில்லை. பிளாஸ்டிக் தொழிலுக்கென மத்திய சர்க்கார் 1968-லேயே சென்னை கிண்டியில் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். 2007-ல் ஐந்து வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாய் என்று நானோ ஆராய்ச்சிக்கு ஒதுக்கித் திட்டமும் வகுத்தார்கள். அப்பணத்தில் எழுந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல. யமகதாவின் மண் டொயோடாவின் மூடியானதைப் போல் கச்சின் மண் எதுவாயிற்று என்று கேட்கும் உரிமை வரி கொடுப்பவருக்கு உண்டு.

இன்னொரு விஷயம் உடனே கவனிக்கத்தக்கது. பிளாஸ்டிக்கில் உருகிக் கட்டுண்ட தூள் எளிதில் வெளிவருவதில்லை. அபாயம் பெரும்பாலும் உலர்ந்த பொடியை மூட்டையிலிருந்து கொட்டும்போதும், முடிந்த சாமானை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும்தான். நமது ஊர்களில் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தும் சிறு பட்டறைகளில் மூக்கின்மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இவ்வேலை நடக்கிறது. நூறு நானோமீட்டர் தூளுக்குத் துண்டு ஒரு தடையே அன்று. இதற்கு எளிய மாற்றம் ஒன்று ஏற்கெனவே தொழிலில் இருக்கிறது. தூளைப் பெரிய தொழிற்சாலையிலேயே, மூடிய யந்திரத்தில், அதிக விகிதத்தில் பிளாஸ்டிக்கோடு கலந்து மணி மணியாக்கி விற்கிறார்கள். மாஸ்டர்பாட்ச் என்று பெயர். சிறு பட்டறைக்காரர் அம்மணிகளைத் தம் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கினால் போதும், பொடி பறப்பதில்லை. விலை சற்றுக் கூடுதல். தொழிற்சங்கங்களில் உழைக்கும் நமது நண்பர்கள், தத்தம் வட்டாரத்துப் பட்டறைகளுக்கு இச்சரக்கு மூட்டைப் பொடியாக வருகிறதா, மணியாக வருகிறதா என்பதை இம்மாதமே விசாரித்து எழுதினால், அவ்விவரங்களை இப்பத்தியில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.